பெல்ட்டு வரட்டும்

எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் கறுப்பு பெல்ட்டுக்காகக் காத்திருந்தது. பணத்துக்காக இல்லை, நாள் நட்சத்திரத்துக்காக இல்லை, பெல்ட்டுக்காக. சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன நஷ்டம்?

அப்போது எனக்கு ஒன்பது வயது. அத்தை, அதாவது அப்பாவின் கடைசித் தங்கை, தேர்வாய் கண்டிகையில் காருக்கு ரப்பர் பாகங்கள் செய்கிற ஒரு ஜப்பான் கம்பெனியில் வேலை பார்த்தாள். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். காய்ச்சலில் கிடந்தாலும் கம்பெனி பஸ் வருகிற நேரத்துக்கு எழுந்து நின்றுவிடுவாள். இந்த நிலையில்தான் பெரியப்பாவின் மச்சானுக்கு, அதாவது பெரியம்மாவின் தம்பிக்கு, அவளைக் கேட்டார்கள். அவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். தங்கமான மனுஷர், குடி கிடையாது, வரும்போதெல்லாம் எனக்குத் தேன்மிட்டாய் வாங்கி வருவார். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். கல்யாணம் ஆனதும் அத்தை வேலையை விட்டுவிட வேண்டும்.

தாத்தா போன பிறகு எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த ஃபிட்டர். அப்பாவோ அண்ணன் தும்மினால்கூட சரி என்று தலையாட்டுகிற ரகம். அத்தை நேராக முடியாது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வீடு இரண்டுபட்டிருக்கும். அவள் சொல்லவில்லை. சாமர்த்தியக்காரி.

"பண்ணிக்கிறேண்ணா. கம்பெனில கெண்டோ கத்துக்கினு கீறேன். அதுல பிளாக் பெல்ட்டு வாங்கிட்டு பண்ணிக்கிறேன்" என்றாள்.

கெண்டோ என்றால் ஜப்பான்காரர்களின் மூங்கில் வாள் சண்டை. கம்பெனியின் ஜப்பான்கார மேனேஜர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேன்டீன் மேசைகளை ஓரங்கட்டிவிட்டு ஆசைப்பட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பெரியப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் பெல்ட் தெரியும். எதிர்வீட்டுப் பையன் கும்மிடிப்பூண்டி பஜாரில் கராத்தே கற்று ஒன்றரை வருஷத்தில் கறுப்பு பெல்ட் வாங்கியிருந்தான். அவன் அம்மா, மஞ்சள் முதல் கறுப்பு வரை அத்தனையையும் துவைக்கிற சாக்கில் வாசல் கொடியில் காயப்போட்டுத் தெருவுக்கே காட்டுவாள். அதைப் பார்த்துப் பார்த்துப் பெரியப்பாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.

"ஒன்றரை வருசந்தானே? ரெண்டாவே வெச்சிக்கோ. வாங்கினு வா, கையோட கல்யாணம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டிலும் காத்திருக்கிறோம் என்றார்கள்.

அத்தை தனியாகப் போகக் கூடாதாம், அதனால் ஞாயிறுதோறும் நானும் கூடப் போனேன். போனால் காது ஜவ்வு கிழியும். கெண்டோவில் சும்மா அடித்தால் அடி செல்லாது. எங்கே அடிக்கிறோமோ அந்த இடத்தின் பெயரை அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டு அடிக்க வேண்டும். தலைக்கு 'மென்', மணிக்கட்டுக்கு 'கோதே'. வீட்டில் அத்தை கொஞ்சம் உரக்கச் சிரித்தாலே, "பொம்பள புள்ள, மெதுவா" என்று பெரியப்பாவின் குரல் வரும். அங்கேயோ மெதுவாகக் கத்தினால் மேனேஜர் கோபித்துக்கொள்வார். அத்தை கத்திய கத்தில் அந்தப் பக்கம் இட்லிப்பானை கழுவுகிறவர்கள் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

நான் மட்டும் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒருவர் இடுப்பிலும் ஒரு கலர் பெல்ட் இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி கருநீலச் சட்டை, மடிப்பு மடிப்பாகப் பாவாடை மாதிரி ஒன்று. சரி, கற்றுக்கொள்கிறவர்கள், இனிமேல்தான் வாங்குவார்கள். ஆனால் மேனேஜருக்கும் இல்லையே! அவர் சின்னப் பையனாக இருந்தபோதே ஆரம்பித்தாராம், தலை நரைத்துவிட்டது, இன்னும் ஒரு மஞ்சள் பெல்ட்டுக்குக்கூட வழியில்லை. பாவம், ஒவ்வொரு வருஷமும் ஃபெயில் ஆகிறார் போல என்று எனக்கு மனசே கேட்கவில்லை. ஒருநாள் என் பிஸ்கட்டில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். குனிந்து வணங்கி வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவிடம் சொன்னேன். "பெரிப்பா, மேனேஜருக்கே இன்னும் பெல்ட்டு குடுக்கல!"

பெரியப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார். "இன்னா சொல்ற? ஜப்பான்காரனுக்கேவா?"

அவ்வளவுதான், மனுஷர் அன்றையிலிருந்து மாறிப்போனார். எதிர்வீட்டைப் பார்த்துச் சத்தமாக, "கராத்தேயா? அத கடைல விக்கிறான். எங்கூட்டுப் பொண்ணு கத்துக்கறது ஜப்பான்காரனுக்கே கெடைக்காத பெல்ட்டு" என்று பேச ஆரம்பித்தார். அத்தைக்குத் தினமும் இரண்டு முட்டை. ஞாயிற்றுக்கிழமை அவள் படுத்திருந்தால் அவரே எழுப்பிவிட்டார். அத்தை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், திட்டவில்லை.

இரண்டு வருஷம் முடிந்து மேலும் சில மாதங்களும் ஓடின. ஜப்பானிலிருந்து பரீட்சை வைக்கிறவர்கள் பெங்களூருக்கு வருகிறார்கள், அத்தை முதல் டான், அதாவது முதல் படி, பரீட்சைக்கு நிற்கிறாள் என்று தெரிந்ததும் மாப்பிள்ளை வீட்டில் பொறுமை தீர்ந்துவிட்டது. பெல்ட் கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், அடுத்த வெள்ளிக்கிழமையே பூ வைத்துவிடலாம் என்றார்கள். போட்டோ எடுக்கப் பெரியப்பாவே கிளம்பினார். ரயிலில் போகும்போது அத்தை ஒரு வாய் இட்லிகூட இறக்கவில்லை. நான் பரீட்சை பயம் என்று நினைத்தேன்.

பரீட்சையில் அவளுக்கு எதிரே நின்ற ஆள் அவளைவிட ஒன்றரை முழம் உயரம். அத்தை முகக்கவசத்தைக் கட்டி எழுந்து நின்றபோது பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் பயப்படுவேனாம். அவர் கைதான் சில்லிட்டிருந்தது. அந்த ஆள் வாளை ஓங்கினான். அடுத்த கணம் "மெ...ன்!" என்று ஒரு சத்தம். அந்தக் கூடத்தின் தகரக் கூரை அதிர்ந்தது. அவன் தலையில் விழுந்த அடியும், தரையில் விழுந்த மிதியும், அவள் குரலும் ஒன்றாகக் கேட்டன. அடித்துவிட்டு அவனைத் தாண்டி ஓடியே போய்விட்டாள்!

"அடி சக்க! இன்னொண்ணு போடும்மா! நல்லா கத்து!" என்று பெரியப்பா பெஞ்சில் ஏறி நின்றார். யாரோ வந்து கைதட்டக் கூடாது, கத்தக் கூடாது என்று அவரை இறக்கிவிட்டார்கள். நான் வெட்கத்தில் செத்தேன்.

தேறியவர்களின் எண்களைச் சுவரில் ஒட்டினார்கள். அத்தையின் எண் இருந்தது. நான் குதித்தேன். பெரியப்பா போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, "பெல்ட்ட எட்த்தா, போட்டோ புடிக்கிறேன்" என்றார்.

அத்தை தலைத்துண்டை அவிழ்த்தாள். முகமெல்லாம் வேர்வை. "பெல்ட்டு கெடையாதுண்ணா. கெண்டோல பெல்ட்டே கெடையாது. எப்பவுமே இல்ல. அந்த கல்யாணம் எனக்கு வேணாம்ணா. வேலய வுட முடியாது. அன்னிக்கே சொல்ல பயமா இருந்திச்சி."

பெரியப்பாவின் முகம் சுண்டிவிட்டது. சுவரில் இருந்த எண்ணை இன்னொரு தரம் பார்த்தார். "அப்போ அந்த மேனேஜரு?"

"அவரு ஆறாவது டான்ணா. நான் இன்னிக்கி தாண்டினது மொதலாவது. அடுத்ததுக்கு ஒரு வருசம், அதுக்கு அடுத்ததுக்கு ரெண்டு, அப்பால மூணு... இப்டியே போவும். எட்டாவதுக்கு நிக்கவே நாப்பத்தாறு வயசு ஆவணும்."

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். பேஜாராகிவிட்டது என்று அத்தை என் கையை இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். ஸ்டேஷன் வரைக்கும் அவர் முன்னால், நாங்கள் பின்னால்.

ரயில் கிளம்பியதும் பெரியப்பா போனை எடுத்தார். "மச்சான்! ம்... பாஸ்தான். பின்ன, எங்கூட்டுப் பொண்ணாச்சே! ஆனா பெல்ட்டு இன்னும் வர்ல... நாப்பத்தாறு வயசுக்கு மேலதான் குடுப்பாங்களாம்... இன்னா பண்றது, அவங்க ரூலு அப்டி. வாக்கு வாக்குதான், பெல்ட்டு வராம பண்ண முடியாது. நீ எங்களுக்காக காத்துக்கினு இருக்காத, வேற நல்ல எடமா பாரு."

நான் பதறிப்போனேன். "பெரிப்பா, பெல்ட்டே இல்லன்னு இப்பதான அத்தை சொன்னாங்க!"

அவர் கையிலிருந்த கட்லெட்டை அப்படியே என் வாயில் திணித்தார். அத்தை ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் கொட்டியது, துடைக்கவே இல்லை.

எனக்குப் பெரியப்பாவை நினைத்துத்தான் கவலையாக இருந்தது. இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் மனுஷருக்குப் புரியவில்லையே! வீட்டுக்குப் போனதும் நிதானமாக உட்காரவைத்து விளக்கிச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, கட்லெட்டை மென்றேன்.