வரிக்குச் சரி, பாறை மீனுக்கு இல்லை

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வீட்டுக்காரரோடு சண்டை போட்டேன். காப்பி அதற்கப்புறம்தான்.

வருகிற தேர்தலில், வசதியானவர்களுக்கு வரியை உயர்த்துவோம் என்கிற கட்சியின் பெட்டியில்தான் என் ஓட்டுச் சீட்டைப் போடுவேன் என்றேன்.

"வசதியானவங்கன்னா யாரு? நீ டாக்டர், நான் வக்கீல். நம்ம தலையில நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கணுமா?" என்றார்.

அதிகம் சம்பாதிக்கிறவர்கள் அதிகம் கொடுப்பதுதான் நியாயம் என்று, வாசல்வரை கேட்கும்படி பிரசங்கமே செய்தேன்.

வாசலில் மீன்கூடையோடு சவேரியம்மாள் நின்றிருந்தாள். பாறை மீன் ஒன்றை எடுத்து விலை கேட்டேன். சொன்னாள்.

"போன வாரத்தைவிட ஒரணா கூடவா? கொள்ளையா இருக்கே!" என்றேன். பழக்கதோஷம்.

அவள் என் கையிலிருந்த மீனைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள்.

"ஏன் டாக்டரம்மா, கவருமெண்டுக்குக் கூடக் குடுக்கணும்னு இப்பத்தான உள்ள கத்துனீக? இங்கன நான் ஒரணா கூடக் கேட்டா கொள்ளையாக்கும்? அப்ப நானும் எலெக்சன்ல நிக்கிறேன், எனக்கும் குடுப்பீக!"

உள்ளேயிருந்து வக்கீல் சிரித்த சிரிப்பு தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும்.

ரோஷத்தில் மீன் வாங்கவில்லை. மத்தியானம் கத்தரிக்காய்தான். அதைத் தின்னும்போதுதான் உறைத்தது. அரசாங்கத்திடம் தாராளமாக இருப்பது சுலபம். அது கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பதில்லை.

உங்களில் யாராவது பேரம் பேசாமல் மீன் வாங்கியிருந்தால், அந்த நேரத்தில் வாயை எப்படி மூடி வைத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள்.

என் சீட்டு அந்தப் பெட்டிக்குத்தான். ஆனால் அதற்கு முன்னால், நாளைக்குச் சவேரியம்மாள் சொல்கிற விலையை அப்படியே கொடுக்கப் போகிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேடிக்கை பார்க்க வக்கீல் வாசலுக்கே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.