குருவி மடைத் தெரு

தெருவில் பாதாளச் சாக்கடைக்குக் குழி தோண்டுகிறார்கள்; நாலடி இறங்கியதும் வைகை வண்டலின் வாசம் மாடிவரை ஏறி வர, சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு இறங்கி வந்து, ‘குருவி மடைத் தெரு’ என்ற பலகையின் கீழே நின்றுகொண்டேன்.

இந்த அடுக்குமாடிகளின் அடியில்தான் எங்கள் வயல்கள் இருக்கின்றன. அப்போது எங்களுக்குக் கதவு எண் கிடையாது, வாய்க்காலின் ஒன்பது மடைகள்தான் விலாசம், பள்ளிக்கூடத்தில்கூட “நீ எந்த மடைக்காரிடி?” என்றுதான் கேட்பார்கள். நாங்கள் கடைசி மடையான குருவி மடை, அதில் அம்புட்டுப் பெருமை. ஆற்றுத் தண்ணீர் எட்டு மடை வயல்களையும் நனைத்துவிட்டு, நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு எங்கள் வரப்பைத் தொடும்போது அம்மா குலவையிடுவாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான், எல்லாருக்கும் பாய்ந்துவிட்டதென்று முதல் மடைக்காரர்கள் அடுத்த சுற்றைத் தொடங்கலாம்.

எண்பதுகளில் மேல்மடைகள் மனைகளானதும் எங்களுக்குத் தண்ணீர் நின்றுபோனது. வயலை வாங்க வந்தவர் வரைபடத்தில் தெருவுக்குத் தன் மகள் பெயரை எழுதியிருந்தார். மை தடவிய கட்டைவிரலை அம்மா பத்திரத்துக்கு மேலேயே நிறுத்திக்கொண்டாள்.

“எங்க மடைப் பேரை எழுதுங்கண்ணே.”

“குருவி, காக்கான்னு பேரு வெச்சா எவன்மா வாங்குவான்?”

“குருவி தின்னது போகத்தான் இம்புட்டு நெல்லும் வெளஞ்சுச்சு. எழுதுங்க.”

அவர் அடித்து எழுதினார். அம்மா விரலை வைத்துவிட்டு எழுந்தாள்.

“வாரேண்ணே. போர்டு வெச்சதும் எம்மகளோட வருவேன், அவ படிச்சுச் சொல்லுவா. ஒரு எழுத்துக் கொறஞ்சாலும் குலவை இல்ல, கூப்பாடுதான்.”