கத்தி மூட்டையோடு ஒரு பஸ் பயணம்

எண்பதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம். கல்யாணச் சமையல் குழு ஒன்றில் காய் நறுக்குவது என் வேலை. பனமலைப் பக்கம் ஒரு கல்யாணம் முடிந்து, மாலையே திண்டிவனத்தில் இன்னொன்று. மாஸ்டரும் மற்றவர்களும் பாத்திரங்களோடு லாரியில் போய்விட்டார்கள். கத்திகளைச் சாணை பிடிக்க விழுப்புரம் போன நான், அவற்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வழியில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். சீட்டுக்கு அடியிலிருந்த சாக்கு நழுவி, நீளக் கத்தி ஒன்று பக்கத்து சீட்டு அம்மாவின் காலருகே போய் நின்றது. அவர் காலை இழுத்துக்கொண்டு கத்தியைப் பார்த்தார், பிறகு என் வேட்டியைப் பார்த்தார்.

"கண்டக்டர், இந்த ஆளு வேட்டியெல்லாம் ரத்தமா கீது பாருங்க."

"வாழைக்காய்க் கறைம்மா" என்றேன். யாரும் நம்பவில்லை. முன்சீட்டுக்காரர் எழுந்து போய்த் தள்ளி நின்றார். அந்த வாரம்தான் பக்கத்தில் ஒரு வெட்டுக்குத்து நடந்திருந்தது. கண்டக்டர் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பஸ்ஸை நிறுத்தி என்னை இறக்கிவிட்டார்.

ஏட்டு ஒவ்வொரு கத்தியாக முகர்ந்து பார்த்தார்.

"எங்க வெட்டிக்கினு வர்ற?"

"பனமலையிலங்க."

"யார?"

"வாழைக்காய்ங்க."

அவர் சிரிக்கவில்லை. "வாழைக்கறை எனக்கும் தெரியும். ரத்தம் காஞ்சாலும் இப்படித்தான் இருக்கும்."

ஸ்டேஷன் பின்னால் வாழை மரங்கள் நின்றன. "ஒரு மட்டை வெட்டிக் கறையைத் துணியில காயவச்சுப் பாருங்க, அதுவும் என் வேட்டிக் கறையும் ஒண்ணா இருக்கும்" என்று கெஞ்சினேன். கத்தியை என் கையில் தர அவர் தயாராக இல்லை. சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அவரே ஓங்கி வெட்டினார். சாறு தெறித்து அவருடைய வெள்ளை பனியன் முழுக்க விழுந்தது. வெறும் தண்ணீர் போலத்தான் இருந்தது.

அவர் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் எதிரே தரையில். அவர் என் வேட்டியைப் பார்ப்பார், நான் அவர் பனியனைப் பார்ப்பேன். நிறம் மாறவே இல்லை. நேரம் ஆக ஆக, நேற்று நான் நறுக்கியது வாழைக்காய்தானா என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

மெதுவாகப் பழுப்பு ஏறியது. ஏட்டு எழுந்து வந்து என் வேட்டி நுனியைத் தன் பனியனோடு சேர்த்துவைத்துப் பார்த்தார். மூட்டையை என்னிடம் நகர்த்தினார்.

"கிளம்பு. இது எதுல தொவச்சா போவும்?"

"போவாதுங்க."

திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது, மண்டபத்தில் யாரிடமோ அரிவாள்மணை இரவல் வாங்கிக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். "எங்க படுத்துத் தூங்கிட்டு வர்ற?" என்றார் மாஸ்டர்.

யாராவது இன்னொருவரைக் காட்டி, பார்த்தாலே தெரிகிறதே என்று அடித்துச் சொல்லும்போதெல்லாம், அவரையும் கொஞ்ச நேரம் பேச விடுங்கள் என்று சொல்ல இன்றும் என் வாய் தானாகத் திறந்துவிடுகிறது.