மேஜர் தின்ற கறி

நம் தெருவில் ஒரு நாய் இளைத்தால் அது யாருக்குச் சேதி? மில்துரையின் நாய் இளைத்தால்தான் ஒரு மனிதனின் பிழைப்பில் மண் விழும். 1936 தை மாதம், அந்த நாயைப் பார்த்துக்கொண்ட காசிமாயனுக்கு அப்படித்தான் விழப் பார்த்தது.

நாயின் பெயர் மேஜர். டேன் என்று ஏதோ சீமை ஜாதி. கன்றுக்குட்டி உயரம் இருக்கும். வாலை ஆட்டினால் மேஜையில் இருக்கிற கண்ணாடி டம்ளர் தரையில் கிடக்கும். அதற்கு ஒரு நாளைக்கு நாலு ராத்தல் கறி, அரைப்படி அரிசிச் சோறு, ரெண்டு முட்டை. அந்தச் சட்டியைச் சுமந்து போகிற காசிமாயனுக்குக் கேப்பைக் கூழ். அப்புறம் அவன்மேல் சந்தேகப்படாமல் யார்மேல் சந்தேகப்படுவார்களாம்?

போதாக்குறைக்கு அவன் உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். அந்த ஊர்களில் அப்போது ஆண்பிள்ளைகள் ஸ்டேஷனில் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும், ராத்திரி அங்கேயே போய்ப் படுக்க வேண்டும். தப்புச் செய்தவன், செய்யாதவன் என்ற பேச்சே கிடையாது. பாழாய்ப்போன சட்டம்! ‘இவன் என் வேலைக்காரன்’ என்று துரை எழுதிக் கொடுத்த ஒரு சீட்டால்தான் காசிமாயன் ரெண்டு வருஷமாகப் பங்களாக் கொட்டகையில் நிம்மதியாகத் தூங்கினான். அந்தச் சீட்டு போனால் தூக்கமும் போச்சு.

துரை நாலு மாசம் சீமைக்குப் போய்விட்டுத் தையில் திரும்பினார். ஓடி வந்து மேலே விழுந்த மேஜரைத் தடவினவர் கை விலாவில் நின்றது. எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. மில் கிட்டங்கியில் பஞ்சுப் பொதி நிறுக்கும் தராசில் நாயை ஏற்றினார்கள். நூற்று நாற்பது ராத்தல் இருந்தது நூற்று இருபத்தைந்தாகியிருந்தது.

“கறி எங்கே?” என்றார் துரை. அவருக்குத் தெரிந்த தமிழில் மரியாதை என்ற சங்கதியே கிடையாது.

“எனக்கென்ன துரை தெரியும்? நான் நிறுத்துத்தேன் குடுக்கேன்” என்றார் பட்லர் சேக் இஸ்மாயில். சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் காசிமாயனைப் பார்த்தார். அந்தப் பார்வை போதாதா?

துரை தீர்ப்புச் சொன்னார். ஏழு நாளைக்குப் பட்லரே கறி வெட்டி, பட்லரே ஊட்ட வேண்டும். காசிமாயன் நாயைத் தேய்க்கலாம், ஓட்டலாம், சட்டியைத் தொடக் கூடாது. எட்டாம் நாள் மறுபடி தராசு.

அதோடு விட்டாரா இஸ்மாயில்? காசிமாயன் சமையற்கட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம், “மடிய உதறுய்யா” என்பார். அவன் வேட்டி மடியை அவிழ்த்து உதறிக் காட்டுவான். உள்ளே கொதிக்கும். இந்த ஆள்தான் கறியைச் சுருட்டி வீட்டுக்கு அனுப்புகிறார் என்று அவனும் முடிவு கட்டியிருந்தான். ஊட்டுகிற நேரமெல்லாம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து இஸ்மாயிலின் கையையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தான். ஏழு நாளும் பார்த்தான். ஒரு துண்டு குறையவில்லை. அதுதான் அவனுக்கு விளங்கவில்லை.

எட்டாம் நாள் தராசு நூற்றுப் பத்தொன்பது காட்டியது.

“பட்லர், சாவி” என்று கை நீட்டினார் துரை.

பதினெட்டு வருஷமாக இடுப்பில் தொங்கின சமையற்கட்டுச் சாவிக்கொத்து, அது போனால் வேலையும் போச்சு. இஸ்மாயில் குனிந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். நல்லா வேணும் என்றுதான் காசிமாயனுக்கு முதலில் தோன்றியது. அப்புறம் மேஜரைப் பார்த்தான். வயிறு ஒட்டி, மார்பு கல்லாக இறுகி, திமிறிக்கொண்டு நின்றது. வாடிவாசலில் நிற்கிற காளை இப்படித்தானே நிற்கும்? கறி போன வழி அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

ஊரில் அவன் மஞ்சுவிரட்டுக் காளை வளர்த்தவன். நாய் வளர்த்துப் பழக்கமில்லை. தெரிந்ததைத்தானே செய்வான்? துரை சீமைக்குப் போனதிலிருந்து விடியற்காலை விளாங்குடிக் கண்மாய் வரைக்கும் ஓட்டம், தண்ணீரில் நீச்சல், ஈரமணலில் நடை, கரையேறினதும் வைக்கோல் புரியால் உடம்பு முழுக்கத் தேய்ப்பு. சீமை பிரஷ் பெட்டியிலேயே கிடந்தது. மார்கழி பிறந்ததும் தைக்குக் காளையைத் தயார் பண்ணுகிற மாதிரி நீச்சலை இரட்டிப்பாக்கினான். பழி வந்த பிறகு, நாய் தெம்பாக இருப்பதைத் துரைக்குக் காட்டுகிறேன் என்று இன்னும் ரெண்டு சுற்றுக் கூட்டினான். மடையன்!

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அவன் தப்பித்தான். யார் கேட்கப் போகிறார்கள்?

“துரை, பாய் மேல தப்பில்ல. கறிய அம்புட்டையும் நாந்தேன் கண்மாய்ல கரைச்சேன். நீந்த விட்டே எளைக்க வச்சிட்டேன்.”

துரையின் முகம் இறுகியது. “கண்மாயா? யாரைக் கேட்டுப் போனாய்? அங்கே உனக்கு யார்?”

உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த வரும்படி, புதுசாக ஒரு சந்தேகம். காசிமாயன் ஊர்க்காரனுக்கு விடியற்காலையில் கண்மாய்ப் பக்கம் என்ன வேலை என்று போலீஸ் கேட்டால் அவ்வளவுதான்.

“நாய அவுத்து விடுங்க துரை” என்றார் இஸ்மாயில். “அது யாருக்கும் பயந்து பொய் சொல்லாது.”

காசிமாயனைக் காரில் உட்கார வைத்து, வாய் திறக்கக் கூடாது என்றார் துரை. மேஜர் ரோட்டில் அம்பாகப் பறந்தது, கார் பின்னால் போனது. நாய் நேரே கண்மாயில் குதித்து, சொல்வார் யாருமில்லாமல் அக்கரை போய் இக்கரை வந்தது, மூன்று தரம். கரையேறி, வைக்கோல் குவியல் பக்கத்தில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தேய்க்க ஆள் வராததால் காரைப் பார்த்துக் குரைத்தது.

துரை சிரித்துவிட்டார். பாதி ஓட்டம் போதும் என்றார், வாரம் ஒரு தரம் நீச்சல். சாவி திரும்பி வந்தது, சீட்டும் பிழைத்தது.

மறுநாள் காசிமாயன் கறிச்சட்டியை வாங்கினான். வாசலைத் தாண்டும்போது நின்று, மடியை அவிழ்த்து உதறினான்.

இஸ்மாயிலுக்கு முகம் செத்துப்போனது. “ஏன்யா, இன்னும் என்னைக் கொல்லுற? நான் கேக்கலையே.”

“நீங்க கேக்கலண்ணே” என்றான் காசிமாயன், மடியைத் திரும்பச் செருகிக்கொண்டே. “நாளைக்கு இன்னொருத்தர் கேப்பாக. பழக்கம் விட்டுப் போகக் கூடாதுல்ல?”