பிளேஸ்டோவில் ஒரு தேக்குத் தோட்டா

போன சனிக்கிழமை ஹரோவிலிருந்து பிளேஸ்டோவுக்குப் போய்வந்தேன். லண்டனுக்குள்ளேயே என்ன பயணம் என்று கேட்காதீர்கள். என்னைக் கொண்டுபோனது பொறாமை. பதினெட்டு வருடங்களாக வெடிமருந்தெடுத்த வெற்றுத் தோட்டாக்கள் சேர்க்கிறேன். இராணுவத்தினுடையவை, கலகம் அடக்கும் பொலிஸினுடையவை. "சூட்டுக்குப் பயந்து ஓடிவந்த சனம் தோட்டா சேர்க்குது" என்பாள் மனைவி. இத்தனை வருடமும் நான் தேடிய ஒன்று, மூன்றே வருடமாகச் சேர்க்கும் ஜெராட்டுக்குக் கிடைத்துவிட்டது. நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான். அது அசலா என்று நான் பார்த்துச் சொல்லவேண்டுமாம். எங்கள் வட்டத்தில் மூத்தவர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் எதையும் அலுமாரியில் வைப்பார்கள்.

ஹரோ-ஒன்-த-ஹில்லில் 10.12க்கு மெற்றோபொலிற்றன் ரயில். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மாறினால் 11.15க்குப் பிளேஸ்டோ. அறுபது தாண்டியோருக்கான பாஸ் இருப்பதால் எனக்குக் கட்டணமில்லை. வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஆறு பவுணுக்கு மட்டன் ரோல்ஸ் வாங்கினேன், மனமில்லாமல்தான். ஸ்டேஷனிலிருந்து ஒன்பது நிமிட நடை.

ஜெராட் மன்னார் ஆள், பஸ் ஓட்டுகிறார். தேத்தண்ணி ஆறமுன்னரே அதை என் கையில் வைத்தார். ஹொங்கொங்கில் ஒருகாலத்தில் கூட்டத்தைக் கலைக்க, நிலத்தில் பட்டு எகிறும்படி சுட்ட தேக்குக் கட்டை. ஒரு சாண் தேறாது. கட்டை பொருந்தியிருந்த உலோகக் கோதின் அடியில் முத்திரை தெளிவாக இருந்தது. அசல் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது, வயிறும் எரிந்தது. சந்தையில் ஒரு பழைய சாமான் பெட்டிக்குள் கிடந்ததாம்.

"என்ன அண்ணை, உண்மையானதோ?"

"இல்லைத் தம்பி. ஆரோ கடைஞ்சு விட்டிருக்கிறாங்கள்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் மறுகேள்வி கேட்கவில்லை. முகம் கொஞ்சம் வாடியது, அவ்வளவுதான். நான் ரோல்ஸ் கொண்டுபோன பையிலேயே கட்டையைப் போட்டு நீட்டினார்.

"ஆசையாப் பிடிச்சுப் பார்த்தனீங்கள் அண்ணை. நீங்களே வைச்சிருங்கோ."

வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூட நான் சொல்லவில்லை. ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது அது என் வீட்டில், குளிர்கால உடுப்புகளுக்குக் கீழே கிடக்கிறது. கண்ணாடி அலுமாரியில் வைத்தால் வருகிறவர்கள் அசல் என்று சொல்லிவிடுவார்கள். தேடியது கிடைத்தபிறகு பொறாமை போயிருக்கவேண்டும். போகவில்லை. அவர் அப்படிச் சட்டென்று கொடுத்தாரே, அதிலும் எனக்கு எரிச்சல்தான். என்னிடமிருந்து ஒரு வெற்றுக் கோதுகூட வெளியே போனதில்லை.

இப்படிச் சேர்ப்பவர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: சனி, ஞாயிறுகளில் தண்டவாள வேலை நடக்கும், விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். வெடிமருந்துள்ள எதையும் தொடாதீர்கள், சட்டத்தில் மாட்டுவீர்கள். உங்களுக்கு ஆசையான பொருளுக்கு மட்டும் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள்.

என் பதிவுகளுக்கு முதல் ஆளாகப் பின்னூட்டம் போடுவது ஜெராட்தான். தம்பி, அது அசல்.