இரண்டு பாட்டில் தேன்

கடையில் ஒன்பது மூட்டை தினை கிடந்தது. ஆடிக் கிருத்திகைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. முருகனுக்குத் தேனும் தினைமாவும் படைப்பவர்கள் அந்தச் சமயத்தில்தான் தேடி வாங்குவார்கள். அதற்குள் போகாவிட்டால் வண்டு விழும்.

ஜவ்வாது மலையில் பதினான்கு பெண்கள் சேர்ந்து, தாங்கள் விளைவித்ததை விற்கிற கடை அது. தினை போகவில்லையென்றால் கடையை மூடிவிட்டு, குடகில் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவதென்று கடையைப் பார்த்துக்கொண்டவள் முடிவு செய்திருந்தாள். ஒன்பதாவது படிக்கும் மகளையும் பள்ளியிலிருந்து நிறுத்தி அழைத்துப் போக வேண்டும்.

முப்பத்தொரு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற நான் அந்தக் கடைக்கு நோட்டு எழுதினேன். யார், எந்த ஊர், என்ன வாங்கினார், எத்தனை, என்றைக்கு, கைபேசி எண். யாரும் எழுதச் சொல்லவில்லை. என்னால் எண்ணாமல் இருக்க முடியாது.

திருப்பத்தூரில் ஒருநாள் பயிற்சிக்குப் போனேன். எல்லோருக்கும் ஒரே விளம்பரத்தை அனுப்பாதீர்கள், முன்பு வாங்கியதை நினைவூட்டி அவரவர் பெயரில் அனுப்புங்கள் என்றார்கள். என் நோட்டு அதற்கென்றே எழுதியது போலிருந்தது. ஆடியில் தினை வாங்கியவர்கள் அறுபத்தேழு பேர். முதல் நாள் இருபத்தாறு பேருக்குத் தனித்தனியாகத் தட்டி அனுப்பினேன். விரல் வலித்தது.

நான்கு பேர் தினை கேட்டார்கள். ஐந்தாவது அழைப்பு போளூரிலிருந்து, ஒரு பெண்குரல்.

"யாருங்க நீங்க? மூணு வருசமா கிருத்திகைக்குத் தினையும் தேனும் வாங்குறீங்க, எடுத்து வைக்கட்டுமான்னு எங்க வூட்டுக்காரரு போனுக்கு வந்துகீது."

இன்ன கடை என்றேன்.

"அவரு மாசில போய்ட்டாரு. இந்த வருசம் எங்களுக்குப் பண்டிகையே இல்ல. மூணு வருசம்னு கணக்கு வச்சிகீறீங்களே, இது தெரியலியா?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் போனை வைக்கவில்லை. குரல் தணிந்து, "எவ்ளோ வாங்குவாரு?" என்றார். கணவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்க ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலையில் நோட்டைப் புரட்டிப் படித்தேன்.

"தினை ரெண்டு கிலோ. தேன் ரெண்டு பாட்டில்."

"ஒண்ணுங்க."

"இல்லம்மா, மூணு வருசமும் ரெண்டு. ரெண்டு பையில தனித்தனியா கட்டச் சொல்வாரு. குறிச்சிருக்கேன்."

"வூட்டுக்கு ஒரு பைதாங்க வந்துது."

அப்புறம் அவர் வைத்துவிட்டார். தங்கைக்கு வாங்கியிருக்கலாம், கூட வேலை பார்ப்பவருக்கு இருக்கலாம் என்று சொல்ல மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

மீதி நாற்பத்தொரு பெயர். யார் உயிரோடு இருக்கிறார், யார் யாருக்காக வாங்கினார், நோட்டில் இல்லை.

"இன்னா சார், பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி நோட்டையே பாத்துக்கினு கீறீங்க? அனுப்புங்க சார்!" என்றாள் கடைக்காரி.

நாளைக்கு என்றேன். தினமும் நாளைக்கு என்றேன். காரணத்தை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

கிருத்திகை போனது. எட்டு மூட்டை முழுதாகவும் ஒன்று பிரித்தபடியும் நின்றன. கடையைக் காலி செய்து அவற்றை ஜீப்பில் ஏற்றும்போது அவள் கேட்டாள்.

"மீதிப் பேருக்கு அனுப்பியிருந்தா வித்துருக்குமா சார்?"

அதை முன்பே போட்டுப் பார்த்திருந்தேன். இருபத்தாறுக்கு நான்கு என்றால் நாற்பத்தொன்றுக்கு ஆறு. ஆளுக்கு இரண்டு கிலோ வைத்தாலும் பன்னிரண்டு கிலோ. ஒரு மூட்டைகூட காலியாகியிருக்காது. அப்படியானால் அந்த இருபத்தாறு பேருக்கும் அனுப்பியிருக்க வேண்டாம்.

"வித்துருக்காதும்மா."

"அப்ப வுடுங்க," என்றாள். மகளின் மாற்றுச் சான்றிதழுக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னாள். நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். ஏழு வரி வந்தது.