கடைவீதியில் என் முறை

யுத்த காலத்தில் எங்கள் ஊர்க் கடைவீதி செத்துப்போனது. வெண்ணந்தூர்ப் பக்கத்துச் சின்ன ஊர் அது. பாதிப் பேருக்குத் தறி, பாதிப் பேருக்குக் காட்டு வேலை. நூல் வரத்து நின்றதும் முதலில் நூல்கடை மூடியது. நெய்கிறவர்கள் கையில் காசு இல்லையென்றானதும் எண்ணெய்க் கடை, பலகாரக் கடை, தையற்காரர் என்று ஒவ்வொருவராகக் கதவைச் சாத்தினார்கள். மிஞ்சியவர் ஒரே ஒரு மளிகைக்காரர். போட்டிக்கு ஆளில்லாதவருக்குக் கொம்பு முளைக்கக் கேட்க வேண்டுமா? மண்ணெண்ணெயை வைத்துக்கொண்டே இல்லை என்பார். வேண்டப்பட்டவர்களுக்குக் கொல்லைப்புறமாகக் கொடுப்பார். மற்றவர்கள் ஒரு படி உப்புக்கு ராசிபுரம் வரைக்கும் நடந்தோம்.

நடந்தவர்களில் நானும் ஒருத்தி. கல்யாணமான மூன்றாம் வருஷமே என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். இருபத்திரண்டு வயதில் வெள்ளைச் சேலை. விடியலில் வழியில் என்னைக் கண்டால் ஆம்பளைகள் வேலிப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார்கள். மளிகைக்காரரோ, நான் படியில் கால் வைக்கும் முன்பே, "இன்னும் போணி ஆகுல, பொறவு வா" என்று விரட்டுவார். நாளின் முதல் வியாபாரம் அறுத்தவள் கையால் ஆனால் கடை விளங்காதாம். என் கை படாமலேயே வீதி முழுக்கக் கதவடைத்துக் கிடந்ததே, அதற்கு யார் கை காரணமாம்? கேட்க வாய் துறுதுறுத்தது. உப்பு வேண்டியிருந்ததால் கேட்கவில்லை.

பிறகு ஊரே சேர்ந்து ஒரு கடை போடுவது என்று முடிவானது. முன்னின்றவர் எனக்கு மாமனார் முறையாகும் ஊர்ப் பெரியவர். மூடிக்கிடந்த நூல்கடையை எடுத்தார்கள். பணம் இருந்த வீடு பணம் போட்டது. நிலக்கடலை விளைந்த வீடு மூட்டையாகக் கொடுத்தது. ஒன்றுமில்லாத வீடு உடம்பைக் கொடுத்தது. நான் பதினைந்து நாள் மண் சுமந்தேன், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன், தரை மெழுகினேன். அந்தக் கடையில் எந்த வீட்டுக்கு எவ்வளவு பங்கோ, என் வீட்டுக்கும் அவ்வளவு பங்கு.

பொதுக் காரியம் என்று ஆரம்பித்தால் ஆறு மாதத்தில் எவராவது ஒருவர் கல்லாவில் ஒட்டிக்கொண்டு எழுந்திருக்க மாட்டார். அதற்கு இடம் கொடுக்கக் கூடாதென்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். வீட்டுக்கு ஒரு நாள் முறை. எந்த நாள் யாருக்கு என்பதை மாரியம்மன் முன்னால் சீட்டு எடுத்து முடிவு செய்வது. விழுந்த முறையை மாற்றவும் கூடாது, இன்னொருத்தருக்கு விட்டுக்கொடுக்கவும் கூடாது. மாற்றினால் அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று எல்லா வீட்டு ஆட்களும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். நானும்தான் அணைத்தேன். பெரிய கைகளுக்குக் கடிவாளம் போடுகிற மும்முரத்தில், நான் தனியாக இருக்கும் வீடும் ஒரு வீடு என்பதை அத்தனை புத்திசாலிகளும் மறந்துபோனார்கள்.

பூசாரி பானைக்குள் கைவிட்டு முதல் நாள் முறைக்கான ஓலையை எடுத்தார். என் வீட்டு ஓலை!

பூசாரி ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், திருப்பினால் பெயர் மாறிவிடும் என்பதைப் போல. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பெரியவர் என் வாசலுக்கு வந்தார்.

"அம்மணி, ஒரு யோசனை. அன்னிக்கு ஒரு நாளைக்கு உன்ற கொழுந்தனைத் தராசு புடிக்கச் சொல்லு. நீ உள்ளார உக்காந்துக்க."

"என்ற ஊட்டுல நான் ஒருத்திதானுங்க மாமா. அவரு ஊடு வேற, அவரு முறை வேற."

"ஊரு நல்லதுக்குச் சொல்றேன். மொத நாளே கடை விழுந்துருச்சுன்னா வீதியே போயிரும்."

"மண்ணு சொமக்கறப்ப ஆரும் சகுனம் பாக்குலீங்களே. சத்தியத்தை மாத்தறதா இருந்தா நீங்களே மாத்துங்க. அம்மனுக்குப் பதில் சொல்றதும் நீங்களே சொல்லிக்குங்க."

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அம்மனிடம் வம்பு வைத்துக்கொள்ள அவருக்குத் தைரியம் இல்லை.

எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். கடை தோற்றால் பழி என் தலையில்தான் விடியும். அதற்கப்புறம் இந்த ஊரில் நான் இருக்க முடியாது. அதற்காக, என் கையால் மெழுகிய தரையில் நான் உட்காரக் கூடாதென்றால் விட்டுவிடுவதா? போங்கப்பா!

கடை திறக்கும் நாள் காலையில் நேரத்தோடு போய்க் கதவைத் திறந்து, தராசைத் துடைத்து மாட்டி உட்கார்ந்தேன். வீதியில் கூட்டம் இருந்தது. கடைக்குள்தான் யாரும் வரவில்லை. பங்குக்காரர்களே எதிர்ப்புற நிழலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மளிகைக்காரருக்கு வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த கதை.

"தராசு புடிக்க ஊருல வேற ஆளே கெடைக்குலீங்களா?" என்று கடையில் இருந்தபடியே சத்தம் போட்டார்.

நாலு பேர் சிரித்தார்கள். நான் தலையைக் குனியவில்லை.

வெயில் ஏறிய பிறகு, ரோட்டுக்கு ஜல்லி உடைக்கும் பெண் ஒருத்தி கூடையோடு வந்தாள். மளிகைக்கடையில் அவளைச் சாக்கடைக்கு அந்தப் பக்கமே நிறுத்தி, பொட்டலத்தை அவள் மடியில் எறிவார்கள். போணி நேரத்தில் அவளும் வரக் கூடாது.

"ஏனுங்க சாமி, கடை தொறந்திருக்குதுங்களா?"

"தொறந்துதான் இருக்குது. மேல வா."

"அப்பறம் ஏனுங்க அல்லாரும் சும்மா நிக்கறாங்க?"

"என்ற மூஞ்சியப் பாத்துட்டு நிக்கறாங்க."

"மூஞ்சியப் பாத்தா ஒலை கொதிக்குமுங்களா? எனக்கு ஒரு படி உப்புப் போடுங்க."

தயங்கித்தான் படியில் ஒரு கால் வைத்தாள். பிறகு அடுத்த கால். தலைதட்டாமல் கோபுரமாக அளந்து அவள் கூடையில் கொட்டினேன். வீதியே பார்த்துக்கொண்டிருக்க, ஊர்க் கடைக்கு அவள் கையால் போணி ஆனது.

உடனே மண்ணெண்ணெய்த் தகரத்தைத் திறந்தேன். வாடை வீதி முழுக்கப் போனது. நிழலில் நின்றவர்களில் ஒரு நெசவுக்காரர் மனைவி புட்டியை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வந்தாள்.

"இருட்டுல முட்டிக்கிட்டுச் சாவறதுக்கு இவ மூஞ்சி எவ்வளவோ மேலு," என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். அதைவிடப் பெரிய மரியாதையை அந்த ஊர் அதுவரை எனக்குச் செய்ததில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அப்புறம் நாலு பேர். மதியத்துக்குள் தகரம் காலி.

கடை விழவில்லை. ஒரு ஆளுடைய கடை அந்த ஆளுக்குக் கோபம் வந்தால் மூடிக்கொள்ளும். அறுபது வீட்டுக் கடை யாருக்குக் கோபம் வந்தாலும் திறந்துதான் இருக்கும், மறுநாள் வேறொரு வீட்டின் முறை. எண்ணெயை எங்கள் ஊர்ச் செக்கில் வாங்கினோம். மிளகாயும் கடலையும் எங்கள் காட்டிலிருந்தே வந்தன. ராசிபுரத்துக்குப் போன காசு வீதிக்குள்ளேயே சுற்றியது. சாமான் வாங்க வந்தவர்களை நம்பி ஒருத்தி பணியாரக் கல்லை வைத்தாள். தையற்காரர் கதவைத் திறந்தார். மளிகைக்காரர்கூட மண்ணெண்ணெயை முன்வாசலில் வைத்து விற்க ஆரம்பித்தார். புத்தி வந்ததா, வேறு வழி இல்லையா, அது அவருக்கே வெளிச்சம்.

ஆனால் வேலிப் பக்கம் திரும்பி நிற்கிறவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அடுத்த தை மாதம், என் முறை நாளில், ஒரு அம்மா வாசலில் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். மஞ்சள் வேண்டும். உள்ளே வராமல், "நாளைக்கு ஆரு முறைங்க?" என்று கேட்டார்.

எனக்குப் புரிந்தது.

"நாளைக்கு எண்ணெய்க்காரரு முறைங்க. தாராளமா நாளைக்கே வாங்க. ஆனா மஞ்ச மூட்டையைப் பிரிச்சுக் கொட்டினதும் நானு, பொடைச்சு வெச்சதும் நானு. அவரு எடுத்துக் குடுத்தா என்ற கை பட்டது போயிருமுங்களா?"

அந்த அம்மா மளிகைக்கடைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, இரண்டு கையாலும் முந்தானையை விரித்துப் பிடித்தார்.

"நல்ல கெழங்காப் பாத்துப் போடு, அம்மணி."

பூசிக் குளிக்கக் கூடாதென்று ஊர் எனக்கு விலக்கி வைத்த மஞ்சள் அது. ஒரு சொத்தைகூட விழாமல் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டேன்.